லெட்ரோசோல் ஆரம்பிச்சதுல இருந்து உச்சந்தலை முடி மெலிஞ்சுகிட்டே போகுது

கேள்வி: கவலைப்பட்டி
மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்போ லெட்ரோசோல்னு ஹார்மோன் மாத்திரை போயிட்டிருக்கு. கீமோல போன முடி திரும்ப வந்து கிளிப் போடுற அளவுக்கு வளர்ந்துச்சு, இப்போ மறுபடியும் கொட்டுது. கொத்துக்கொத்தா இல்ல, வகிடு அகலமாகி உச்சியில லைட் பட்டா தலைத்தோல் தெரியுது. டாக்டர்கிட்ட சொன்னா உயிர் முக்கியமா முடி முக்கியமாங்கிறார், ரெண்டும் வேணும்னா தப்பா?? இன்னும் பல வருஷம் போடணுமாம், நிறுத்திடலாமான்னு கூட தோணுது. பயோட்டின் (முடிக்குன்னு விக்கிற வைட்டமின் மாத்திரை) போட்டா சரியாகுமா?

பதில்: மல்லிகா_அக்கா
தப்பே இல்லம்மா. ஆனா மாத்திரைய நீயா நிறுத்திடாத, நோய் திரும்பாம பாத்துக்கிறதே அதுதான். முடி வளர்ற காலத்த நீட்டி வைக்கிறது ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன், அத லெட்ரோசோல் குறைச்சிடுது, அதனால முடி சீக்கிரம் விழுந்து மெல்லிசா முளைக்குது, இதே நோய்க்கு டமாக்சிஃபென்னு இன்னொரு ஹார்மோன் மாத்திரை போடுறவங்களுக்கும் இது வரும். நான் தோல் டாக்டர் சொல்லி மினாக்சிடில் 5%னு முடி வளர்ற மருந்த தலையில பூசுறேன். ஆரம்பத்துல சில வாரம் இன்னும் அதிகமா கொட்டும், சீப்புல பாத்தா வயித்த கலக்கும், அங்கதான் பாதிப்பேர் பயந்து விட்டுடுறாங்க. பலன் தெரிய மூணுல இருந்து ஆறு மாசம் ஆகும், நிறுத்தினா வந்தது திரும்ப போயிடும். 2018ல ஜாமா டெர்மட்டாலஜிங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல இத பூசின 46 பேர்ல 80% பேருக்கு முன்னேற்றம் இருந்துச்சு. லிக்விட் அரிச்சா ஃபோம் கேளு. பூசிட்டு கைய கழுவு, நெத்தியில வழிய விடாத, அங்கயும் முடி முளைக்கும். வீட்ல பூனை இருந்தா கிட்டயே விடாத, அதுக்கு இது விஷம்.

பதில்: லேப்காரன்
பயோட்டின் குறைபாடு இருந்தாத்தான் யூஸ், அது ரொம்ப அபூர்வம். அதவிட பெரிய தொல்லை, தைராய்டு, ட்ரோபோனின் (ஹார்ட் அட்டாக்க கண்டுபிடிக்கிறது) மாதிரி ரத்த டெஸ்ட் ரிசல்ட்ட தப்பா காட்ட வைக்கும், அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு. முதல்ல ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, வைட்டமின் டி பாருங்க, சிலருக்கு இரும்பு குறைஞ்சு அதுவும் சேர்ந்து கொட்டும். ஹேர் கேப்ஸ்யூல் லேபிள்ல சோயா ஐசோஃப்ளேவோன், ரெட் குளோவர்னு இருந்தா கேன்சர் டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க, ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்ற சமாச்சாரம்.

பதில்: சும்மா_வந்தேன்
மருந்து வேலை செய்ற வரைக்கும் ஹேர் ஃபைபர் தூவிக்கோங்க, முடி கலர்லயே பவுடர், வகிட்டுல ஒட்டிக்கும், தலை குளிச்சா போயிடும். இறுக்கி பின்னாதீங்க. வகிட்ட கொஞ்சம் கோணலா எடுத்தாலே பாதி மறையும்.

கவலைப்பட்டி
ரொம்ப தேங்க்ஸ்க்கா. எனக்கு பிபி மாத்திரை ஓடுது, மினாக்சிடில் பரவாயில்லையா?

மல்லிகா_அக்கா
ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லிட்டே ஆரம்பிம்மா, அது ஆதியில பிபி மருந்தாத்தான் வந்துச்சு. அப்படியே லெட்ரோசோல வேற மாத்திரைக்கு மாத்த முடியுமான்னும் கேளு, சிலருக்கு மாத்திக் குடுக்கிறாங்க. பூசுறதுக்கு முன்னாடி வகிட்ட ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோ, கண்ணாடில பாத்தா வித்தியாசமே தெரியாது.