பரமேசியம் என்ற ஒருகல உயிரி நிற்குதில்லை, அதன் பிசிர் (நீந்த உதவும் நுண்மயிர்) அடிப்பதை எப்படிப் பார்ப்பது?

வெள்ளவத்தை, உயர்தர உயிரியல்:
கொழும்பு பேரே வாவித் தண்ணீரில் வைக்கோல் ஊறப்போட்டதில் பரமேசியம் நிறைய. ஆனால் நுணுக்குக்காட்டியின் 40 மடங்கு பொருள்வில்லையில் வைத்தவுடன் ஓடி மறைந்துவிடுது. என்ன செய்யலாம்?

முதல் பதில்:
அதன் வேகம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமீற்றர். 40 மடங்கில் தெரியும் வட்டமே அரை மில்லிமீற்றர்தான், எப்படி நிற்கும்? பஞ்சைப் பிய்த்து நாலைந்து இழை மட்டும் ஸ்லைடில் போட்டு, மேலே ஒரு துளி விட்டு கவர்ஸ்லிப்பால் மூடுங்கோ. இழைகளுக்கிடையில் சிக்கிக்கொள்ளும். பிறகு வடிதாளால் ஓரத்தில் கொஞ்சம் நீரை உறிஞ்சுங்கோ. கூட உறிஞ்சினால் கலம் நசுங்கி வெடிக்கும். முக்கியமாக, நுணுக்குக்காட்டியில் ஒளியைக் கட்டுப்படுத்தும் டயபிரத்தைச் சுருக்குங்கோ. முழு வெளிச்சத்தில் பிசிர் கண்ணுக்கே படாது.

இரண்டாவது பதில்:
நீரைத் தடிப்பாக்கி உயிரியை மெதுவாக்கும் மெதைல்செலுலோஸ் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. 3 கிராமை 50 மில்லிலீற்றர் சுடுநீரில் தூவிக் கலக்கி, 50 மில்லிலீற்றர் குளிர்நீர் சேர்த்து இரவு முழுக்கப் பிரிட்ஜில் வையுங்கோ. நேரே குளிர்நீரில் போட்டால் கட்டிபடும். ஸ்லைடில் பரமேசியத் துளியுடன் சம அளவு கலந்தால் போதும்.

மூன்றாவது பதில்:
இழையில் முட்டும் இடத்தை விடாமல் பாருங்கோ, அற்புதமான காட்சி. முன்முனை முட்டியதும் கல்சியம் அயன்கள் உள்ளே பாயும், பிசிர்கள் எதிர்த்திசையில் அடிக்கும், கலம் பின்வாங்கி, சற்றுத் திரும்பி, மறுபடி முன்னே போகும். யூக்ளினா என்ற ஒருகல உயிரிக்குப் பிசிர் இல்லை: சவுக்கு போல நீண்ட முன்பக்கச் சவுக்குமுளை ஒன்றால்தான் நீந்தும்.