பக்கவாதத்தை அடையாளம் காண ராப் பாட்டு உதவுமா?

கேள்வி:
வாயாலேயே தாளக் கருவிகளின் ஒலியை எழுப்பும் பீட்பாக்ஸ் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான டக் ஈ. ஃப்ரெஷ், நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கவாதம் பற்றிப் பாடியிருக்கிறார் என்று அறிந்தேன். நோய் வருவதோ பெரும்பாலும் முதியவர்களுக்கு. பாட்டைக் கேட்பதோ பத்து வயதுப் பிள்ளைகள். இதனால் உண்மையில் பயன் விளைந்ததா, அல்லது வெறும் விளம்பரமா?

பதில் 1:
பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்ததில்தான் அத்திட்டத்தின் நுட்பமே இருக்கிறது. மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ஆனால் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஒலாஜிடே வில்லியம்ஸ், நோயாளிகள் பலர் அக்கெடு கடந்த பின்னரே வந்து சேர்வதைக் கண்டார். பாட்டிக்குப் பேச்சுக் குழறும் நேரத்தில் அருகில் இருப்பது பேரப்பிள்ளை மட்டுமே என்ற நிலையும் உண்டல்லவா? ஹார்லெமிலேயே வளர்ந்து, 1985 முதல் புகழ்பெற்றிருந்த ஃப்ரெஷ் அவருடன் கைகோத்தார். முகக் கோணல், கைத் தளர்ச்சி, பேச்சுக் குழறல், நேரம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘ஃபாஸ்ட்’, அதாவது ‘விரைவு’ என்றாகும். பாட்டில் ‘ஸ்ட்ரோக்’ (பக்கவாதம்), ‘ஜோக்’ (வேடிக்கை) என்ற இயைபும் சேர்ந்துகொள்ள, மனப்பாடம் செய்யும் வேலையைத் தாளமே பார்த்துக்கொண்டது. (நம் பழைய மருத்துவ நூல்கள் செய்யுளில் இருப்பதும் இதே காரணத்தால்தான்.)

பதில் 2:
பயன் அளந்தும் பார்க்கப்பட்டது. நியூயார்க்கின் 22 அரசுப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. பக்கவாதம் பற்றிய முழுமையான அறிவு பெற்றிருந்த பிள்ளைகள் தொடக்கத்தில் 2 சதவீதம். மூன்று மணி நேரப் பாடத்துக்குப் பின் 57. மூன்று மாதம் கழித்து 24. பாதிக்கு மேல் மறந்துபோயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆண்டுதோறும் மீண்டும் பாடாவிட்டால் மீதியும் கரைந்துவிடும் என்றே கருதுகிறேன்.

பதில் 3:
மேலே உள்ள கணக்கில் பெற்றோரைச் சேர்க்கவில்லை. ‘ஃபாஸ்ட்’ சொல்லின் நான்கு குறிப்புகளையும் அறிந்திருந்த பெற்றோர் 3 சதவீதத்திலிருந்து 20ஆக உயர்ந்து, மூன்று மாதத்துக்குப் பின்னும் 17இல் நின்றனர். அவர்கள் வகுப்புக்கு வரவில்லை. பிள்ளைகள்தாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னார்கள். அச்சோதனைக் காலத்தில் நான்கு பிள்ளைகள் உண்மையான அறிகுறிகளைக் கண்டு அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தனர். அவர்களில் ஒரு பிள்ளை, சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் என்ற பெற்றோரின் சொல்லையும் மீறி அழைத்தது.