ஃபிரிஸ்கோ வீட்டுத் தவணை 2,510இல் இருந்து 3,937 ஆகிவிட்டது. எஸ்க்ரோவா, இன்சூரன்ஸா, யாரைப் பிடிப்பது?

ஜெர்சிக்குப்போனவன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸ் ஃபிரிஸ்கோவில் 2019இல் வாங்கிய வீடு. நாங்கள் குடியிருக்க வாங்கியது. 2021இல் வட்டி தரையில் கிடந்தபோது ரீஃபைனான்ஸ் செய்தேன், அப்போதும் நாங்கள்தான் அதில் இருந்தோம். 2024 ஆகஸ்டில் வேலை நியூ ஜெர்சிக்கு மாறியது. இந்த வட்டிக்கு இனி எந்த ஜென்மத்தில் கடன் கிடைக்கும் என்று வீட்டை விற்க மனசு வராமல் வாடகைக்கு விட்டோம். வாடகை 2,750 டாலர். மாதத் தவணை 2,510, அதில் அசலும் வட்டியும் 1,640, எஸ்க்ரோ (வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் என்று கடன் கம்பெனி மாதாமாதம் வாங்கி வைக்கிற பணம்) 870. லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கையைக் கடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் ஆன்லைனில் கணக்கைத் திறந்தால் மார்ச் மாதத்தில் இருந்து தவணை 3,937 என்கிறது. எஸ்க்ரோவில் 10,964 டாலர் பற்றாக்குறையாம். வீட்டு வரி 7,600இல் இருந்து 9,700 ஆகியிருக்கிறது, அது தனி வயிற்றெரிச்சல். ஆனால் அதற்குக் கீழே 'லெண்டர் பிளேஸ்டு இன்சூரன்ஸ் 6,900' என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் புரியவில்லை. என்னிடம்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே! போன மார்ச்சில் பழைய பாலிசி முடிகிற நேரத்தில் ஏஜென்ட் அம்மா, "டெனன்ட் இருக்கிறாரா? அப்படியென்றால் இது செல்லாது" என்று லேண்ட்லார்ட் பாலிசிக்கு மாற்றிக் கொடுத்தார். 2,600 டாலர், என் கார்டில் நானே கட்டினேன். ஏப்ரலில் கடனை வேறொரு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டார்கள். புதுக் கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்தேன், மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள். கடைசி ஆள், இன்சூரன்ஸ் பிரிவே வேறு இடம், அவர்களிடம் பேசுங்கள் என்று ஒரு நம்பரைக் கொடுத்தார், அதில் பாட்டுதான் ஓடுகிறது.

கேள்வி இதுதான். இது முடியும்வரை பழைய 2,510ஐ மட்டும் அனுப்பலாமா? எஸ்க்ரோவே வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல முடியுமா? வீட்டை எல்.எல்.சி. (நமக்கென்று தொடங்கும் தனி நிறுவனம்) பெயருக்கு மாற்றிவிடு என்று ஒரு நண்பர் சொல்கிறார், அதுவும் சரியா?

பழைய_சர்வீசிங்_ஆள்:

தம்பி, முதல் கேள்விக்கு முதலில் பதில். குறைத்துக் கட்டாதீர்கள். முழுத் தொகை வராவிட்டால் அந்தப் பணத்தைத் தவணையில் வரவு வைக்காமல் தனியாக ஒரு கணக்கில் நிறுத்தி வைப்பார்கள், நீங்கள் கட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டாதவர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். மார்ச் வரை அவகாசம் இருக்கிறது, அதற்குள் முடிக்கப் பாருங்கள்.

வீட்டுக் கடன் தவணைகளை வசூலித்துக் கணக்குப் பார்க்கும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தேன். உங்கள் கதை மாதிரி வாரத்துக்குப் பத்து பார்த்திருக்கிறேன். என்ன நடந்திருக்கும் என்றால், புதுப் பாலிசியில் கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் பழைய கம்பெனியின் பெயர் இருக்கும். உங்கள் ஏஜென்ட் சான்றை அங்கேதான் அனுப்பியிருப்பார். அடுத்த மாதமே கடன் கைமாறியதும் புதுக் கம்பெனியின் கண்ணுக்குத் தெரிந்தது 'பழைய பாலிசி மார்ச்சில் முடிந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை' என்பது மட்டும்தான். உடனே அவர்களாகவே ஒரு பாலிசியைப் போட்டுவிடுவார்கள். கொள்ளை விலை, அதுவும் கட்டடத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும்தான் பாதுகாப்பு. டெனன்ட் கீழே விழுந்து வழக்குப் போட்டாலோ வாடகை நின்றாலோ உங்களுக்குச் சல்லிக்காசு வராது.

ரெஸ்பா என்ற வீட்டுக் கடன் சட்டப்படி இதற்குக் காசு எடுப்பதற்குக் குறைந்தது 45 நாளுக்கு முன்னால் ஒரு கடிதம், அதன்பின் குறைந்தது 30 நாள் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பியிருக்க வேண்டும். அவை எந்த விலாசத்துக்குப் போயின என்று பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு, ஃபிரிஸ்கோ வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, பாலிசியில் கடன் கொடுத்தவர் பெயரைப் புதுக் கம்பெனிக்கு மாற்றச் சொல்லுங்கள். கடன் எண்ணும் அவர்கள் சொல்கிற பெயர், விலாசமும் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அப்புறம் போன மார்ச்சில் இருந்து இன்று வரை பாலிசி இருந்ததைக் காட்டும் டிக்ளரேஷன் பக்கத்தை (பாலிசியின் சுருக்கம் இருக்கும் பக்கம்) இன்சூரன்ஸ் பிரிவின் இணையதளத்தில் ஏற்றுங்கள். சான்று கைக்கு வந்த 15 நாளுக்குள் அவர்கள் போட்ட பாலிசியை ரத்து செய்து, இரண்டும் சேர்ந்து ஓடிய காலத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். பழையது முடிந்த அதே நாளில் புதியது தொடங்கியிருந்தால் 6,900 முழுவதும் திரும்பும். நடுவில் இரண்டு நாள் விட்டுப்போயிருந்தால் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் பிடிப்பார்கள்.

இத்தோடு விட்டுவிடாதீர்கள், இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். பணம் எஸ்க்ரோவுக்குத் திரும்பினாலும் தவணை தானாக இறங்காது. "புதிதாக எஸ்க்ரோ கணக்குப் போடுங்கள்" என்று நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் 3,937ஐப் பிரித்துப் பார்த்தேன். வரி 9,700, அவர்கள் போட்ட இன்சூரன்ஸ் 6,900, கூட்டினால் 16,600, மாதத்துக்கு 1,383. பற்றாக்குறை 10,964ஐ 12ஆல் வகுத்தால் 914. அசல் வட்டி 1,640 சேர்த்தால் சரியாக வருகிறது. உங்கள் சொந்தப் பாலிசியை வைத்துப் போட்டால் 9,700ம் 2,600ம் சேர்ந்து 12,300, மாதம் 1,025. தவணை 2,665 அளவில் நிற்க வேண்டும். கையிருப்பாக அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது வருடச் செலவில் ஆறில் ஒரு பங்கு, அதற்குமேல் கேட்டால் விடாதீர்கள்.

வரியில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அங்கே நீங்கள் குடியிருக்கவில்லை, சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை போய்விட்டது. பள்ளி வரியில் மட்டுமே 2023இல் இருந்து 1 லட்சம் டாலர் மதிப்பைக் கழித்துக்கொண்டிருந்தார்கள், 2025க்கு அது 1 லட்சத்து 40 ஆயிரம். அதோடு மதிப்பீடு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற கட்டுப்பாடும் போயிற்று, வாடகை வீட்டுக்கு 2024 முதல் 2026 வரை 20 சதவீதம். மே 15க்குள் மதிப்பீட்டை எதிர்த்து மனுப் போடுங்கள், வாடகை வீட்டுக்கும் அந்த உரிமை உண்டு.

போனில் பேசுவதை நிறுத்துங்கள். 'பிழை அறிவிப்பு' என்று தலைப்புப் போட்டு, அதற்கென்று அவர்கள் சொல்லியிருக்கும் விலாசத்துக்குச் சர்டிஃபைட் மெயிலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மாதத் தவணை போகிற விலாசம் வேறு, இது வேறு. 5 வேலை நாளுக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், பொதுவாக 30 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நாலுவீட்டுக்காரன்:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுக்கே வருகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற மற்றவர்கள் ஏமாந்துவிடக்கூடாது. அந்த 45 நாள், 15 நாள் எல்லாம் ஜெர்சிக்காரருக்குப் பொருந்தும், அவர் குடியிருக்க எடுத்த கடன். ஆரம்பத்திலேயே வாடகைக்கு என்று எடுத்த கடனைச் சட்டம் வியாபாரக் கடன் என்று தள்ளி வைத்துவிடுகிறது, ரெஸ்பா அங்கே வராது. என்னுடைய நான்கில் மூன்று அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு இரட்டை இன்சூரன்ஸ் சிக்கலில் மாட்டி, சட்டப் பிரிவு எண்ணையெல்லாம் போட்டுப் பெரிய கடிதமாக எழுதினேன். 'உங்கள் கடனுக்கு இது பொருந்தாது' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பிறகு கடன் பத்திரத்தை எடுத்துவைத்து, அதில் இன்சூரன்ஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதைக் காட்டித்தான் பணத்தை வாங்கினேன். நான்கு மாதம் ஆயிற்று. வாடகைக்கு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும்போதே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள், நான் படிக்கவில்லை.

எல்.எல்.சி. விஷயம்: நண்பர் சொன்னார் என்று செய்துவிடாதீர்கள். பெயரை மாற்றினால் முழுக் கடனையும் கட்டு என்று கேட்கும் உரிமை பத்திரத்தில் இருக்கும். 1982ஆம் வருடச் சட்டம் சில கைமாற்றங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது, எல்.எல்.சி. அதில் இல்லை. பல கம்பெனிகள் கண்டுகொள்வதில்லை என்பது வேறு கதை, ஆனால் 2021 வட்டியில் இருக்கிற கடனை வைத்துச் சூதாட நான் தயாரில்லை. இன்னொன்று, வீடு எல்.எல்.சி. பெயரில், பாலிசி உங்கள் பெயரில் என்று இருந்தால் கிளெய்ம் நேரத்தில் அதையே ஒரு சாக்காக எடுப்பார்கள். பயமாக இருந்தால் அம்ப்ரெல்லா பாலிசி (வழக்கு வந்தால் மற்ற பாலிசிகளுக்கு மேல் கூடுதல் பாதுகாப்பு) ஒன்று எடுங்கள்.

எஸ்க்ரோவை எடுப்பது பற்றி: கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கேட்டுப் பார்க்கலாம், தருவது அவர்கள் விருப்பம். நான் இரண்டு வீட்டுக்கு எடுத்தேன். மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவைப்பேன். முதல் வருடம் ஊருக்குப் போயிருந்தபோது வரி கட்டக் கடைசி நாளான ஜனவரி 31ஐத் தவறவிட்டுவிட்டேன், பிப்ரவரியில் 7 சதவீதம் கூடுதலாகக் கட்டினேன். மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆலங்கட்டி_அக்கா:

பாலிசியில் கடன் கொடுத்தவர் பெயர்தானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பிளேனோவில் எங்கள் வாடகை வீட்டுக் கூரை ஆலங்கட்டி மழையில் போனது. கிளெய்ம் செக் எங்கள் பெயரும் கடன் கம்பெனி பெயரும் சேர்ந்துதான் வரும், அதுதான் முறை. வந்த செக்கில் பழைய கம்பெனி பெயர்! புதியவர்கள் கையெழுத்துப் போட முடியாது என்றார்கள், பழையவர்கள் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். செக்கைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கி வருவதற்குள் இரண்டு மாதம், கூரைமேல் நீலத் தார்ப்பாய், டெனன்ட் தினமும் போட்டோ அனுப்புவார்.

உங்கள் பாலிசியையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். 2,600க்குக் கிடைத்தது என்றால் சந்தோஷம்தான், ஆனால் அது டி.பி.-1ஆ டி.பி.-3ஆ (வாடகை வீட்டுப் பாலிசியின் வகைகள்) என்று பாருங்கள், முதலாவது மிகச் சிக்கனமானது, குறிப்பிட்ட சில ஆபத்துகளுக்கு மட்டும்தான். காற்று, ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள் தனியாகச் சதவீதத்தில் இருக்கும். கட்டடத்துக்கு 4 லட்சம் போட்டு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் பாக்கெட்டில் இருந்துதான் போகும். கூரைக்குப் புதுவிலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்பதும் முக்கியம், 14 வருடக் கூரைக்குத் தேய்மானம் கழித்தால் கையில் வருவது தண்ணீர் பாட்டில் காசு. வீடு சேதமாகி வாடகை நின்றால் அதற்குப் பணம் உண்டா என்று கேளுங்கள். டெனன்ட் மாறும்போது வீடு காலியாக இருக்கும் நாள்களும் கணக்கு, 30 அல்லது 60 நாள் தாண்டினால் சில சேதங்களுக்குக் கையை விரித்துவிடுவார்கள். டெனன்டின் சாமான்களுக்கு உங்கள் பாலிசி பொறுப்பில்லை, ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் வேண்டும் என்று அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள்.

வரிசீசன்_வந்தாச்சு:

சம்பந்தப்பட்ட ஒன்று, சுருக்கமாக. வாடகைக் கணக்கில் செலவாகக் காட்டும்போது எஸ்க்ரோவில் மாதாமாதம் நீங்கள் போட்டதைக் கூட்டாதீர்கள். அங்கிருந்து வீட்டு வரியாகக் கவுண்டிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அந்த வருடத்தில் போனது எவ்வளவோ அதுதான் செலவு. வருடக் கடைசியில் கடன் கம்பெனியிடம் இருந்து வரும் 1098 படிவத்தோடு (கட்டிய வட்டியைக் காட்டுவது) எஸ்க்ரோ வரவு செலவையும் வைத்துப் பாருங்கள். நீங்கள் கார்டில் கட்டிய 2,600ஐ மறந்துவிடாதீர்கள், அது எஸ்க்ரோ கணக்கில் தெரியாது. அந்த 6,900 திரும்பி வரப்போகிறது என்றால் அதையும் செலவாக எழுதி வைத்துவிடாதீர்கள்.

ஜெர்சிக்குப்போனவன்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறேன், நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

கடிதங்கள் ஃபிரிஸ்கோ வீட்டில்தான் இருந்தன. டெனன்ட் பையன் நல்லவன், என் பெயருக்கு வந்ததையெல்லாம் சமையலறை டிராயரில் பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறான். யாரும் கேட்கவில்லையே என்றான், கேட்க வேண்டியது நான்தான். இரண்டு எச்சரிக்கைக் கடிதமும் கடன் கைமாறிய கடிதமும் உடைக்காமல் இருந்தன. ஆக அவர்கள் மேல் பழி போட எனக்கு அதிகம் இடமில்லை.

ஏஜென்ட் அம்மா அன்றைக்கே பெயரை மாற்றிக் கொடுத்தார். பழையது முடிந்த நாளில்தான் புதியது தொடங்கியிருந்தது. டிக்ளரேஷன் பக்கத்தை இணையதளத்தில் ஏற்றினேன், சர்டிஃபைட் மெயிலிலும் அனுப்பினேன். பதினோராவது நாள் 6,900 எஸ்க்ரோவுக்குத் திரும்பியது. அண்ணன் சொன்ன மாதிரியே தவணை அசையவில்லை, புதுக் கணக்குப் போடச் சொல்லித் தனியாகக் கேட்டேன். இப்போது 2,665. வாடகையில் 85 டாலர் மிஞ்சுகிறது, ஒரு டிஷ்வாஷர் ரிப்பேருக்குக் காணாது, பரவாயில்லை. பாலிசி டி.பி.-3தான், டிடக்டிபிள் அக்கா சொன்ன அதே 2 சதவீதம். எல்.எல்.சி. எண்ணத்தை விட்டுவிட்டேன், எஸ்க்ரோவையும் இப்போதைக்குத் தொடவில்லை.

புதுக் கணக்கில் 120 டாலர் உபரி வந்திருக்கிறது. 50க்கு மேல் இருந்தால் திருப்பித் தர வேண்டுமாம், செக்கும் அனுப்பிவிட்டார்கள். விலாசத்தை இரண்டு முறை மாற்றச் சொல்லியும், ஃபிரிஸ்கோ வீட்டுக்கு.