ஒரே மேசைக்கு இரண்டு விதமான கால்கள்: 19ஆம் நூற்றாண்டு மரச்சாமான் வாட்டர்கலர்களை எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
லண்டன் மரச்சாமான் நிறுவனங்கள் 1820–1850 வாக்கில் வாடிக்கையாளர்களுக்காக வரைந்த வாட்டர்கலர் வடிவமைப்புகளை ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒரு சுவரோர மேசைக்கு இடது கால் சுருள் வடிவம், வலது கால் சிங்கப் பாதம். பாதியில் விட்ட படமா? மரம் எது, பொன்பூச்சு எது என்று நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியுமா?

பதில் 1:
முழுமையான படம்தான். ஒரே தாளில் இரண்டு மாதிரிகளை வரைந்து, எது வேண்டும் என்று கேட்பது அக்கால வழக்கம். ஸ்கேனில் ஒரு பாதியை நகலெடுத்து, இடவலமாகத் திருப்பி, அதே பாதியுடன் ஒட்டுங்கள், மறுபாதிக்கும் அப்படியே. இரண்டு முழு மேசைகள் கிடைக்கும். மேற்பலகை ஒன்றுதான். ஆனால் சுருள் காலின்மேல் அது லேசாகத் தெரியும், சிங்கப் பாதத்தின்மேல் கனத்துத் தெரியும். வடிவமைப்பாளரின் கைத்திறனை நான் அங்கேதான் ரசிப்பேன். நேர்முகமாக வரைந்த படத்துக்கே இது சரிவரும். பக்கவாட்டும் தெரிய வரைந்திருந்தால் பாதிகள் பொருந்தாது.

பதில் 2:
நிறத்துக்கு முன் நிழலைப் பாருங்கள். ரோஸ்வுட் என்ற கருநிற மரத்தில் பதித்த பித்தளை மரத்தோடு சமமட்டம். அதனால் நிழலில்லாத மெல்லிய மஞ்சள் கோடாக இருக்கும். செதுக்கிப் பொன்பூசிய இலைக்கு ஓர் ஓரம் பழுப்பு நிழல், மேட்டில் தாளின் வெண்மை. மற்ற மரங்களில் மகாகனி செம்பழுப்பு, சாட்டின்வுட் வெளிர்மஞ்சள். ரோஸ்வுட்டுக்குக் கரும்பழுப்பு காய்ந்தபின் நுனித் தூரிகையால் கருவரிகள் இழுப்பார்கள். அடர்ந்த இடங்களில் கம் அராபிக் பிசின் பூசி மெருகு காட்டுவதும் உண்டு. அது ஸ்கேனில் தெரியாது, அசலைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் மினுங்கும்.

பதில் 3:
மெத்தைத் துணியின் நிறத்தை அப்படியே நம்ப வேண்டாம். லேக் வகைச் சிவப்புகளும் (சாயத்திலிருந்து செய்த நிறமிகள்) இண்டிகோ நீலமும் வெளிச்சத்தில் வெளுக்கும். இன்றைய இளஞ்சிவப்பு அன்று அடர்சிவப்பாக இருந்திருக்கலாம். படச்சட்டத்தின் அட்டை மூடியிருந்த ஓரத்தில் பழைய நிறம் தங்கியிருக்கும். ஒளிர வேண்டிய இடத்தில் கரும்புள்ளிகள் இருந்தால் அது ஈய வெள்ளை, காற்றிலுள்ள கந்தக வாயுவால் கறுத்தது. வின்சர் அண்ட் நியூட்டன் என்ற வண்ண நிறுவனம் 1834இல் விற்கத் தொடங்கிய ‘சைனீஸ் ஒயிட்’ துத்தநாக வெள்ளை, அது கறுக்காது.

கேட்டவர்:
நன்றி. கோதிக் (இடைக்காலத் தேவாலயப் பாணி) கூர்வளைவு உள்ள நாற்காலி என்றால் விக்டோரியா காலம் என்று கொள்ளலாமா?

பதில் 2:
கூடாது. விக்டோரியா அரியணை ஏறியது 1837இல். 1827லேயே, பின்னாளில் கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற பியூஜின், 15 வயதில், விண்ட்சர் அரச கோட்டைக்குக் கோதிக் மரச்சாமான்களை வடிவமைத்துவிட்டார். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியை (தாள் செய்யும்போதே அதில் பதியும் குறி) தேடுங்கள். வாட்மேன் என்ற ஆங்கிலத் தயாரிப்புத் தாள்களில் பெயரோடு ஆண்டும் இருப்பதுண்டு. படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்காது. தாளை வாங்கிச் சில ஆண்டுகள் வைத்திருந்தும் வரைந்திருக்கலாம்.