42 டிகிரியில் நின்ற கல்ச்சர் 55-லும் சாகவில்லை, ஏன்?

கேள்வி:
செய்முறைக்காக இ.கோலை பாக்டீரியாவின் டி மதிப்பு (90 சதவீதம் சாக ஆகும் நேரம்) எடுக்கிறேன். 55 டிகிரி வாட்டர் பாத், 2 நிமிடத்துக்கு ஒரு மாதிரி. நேற்று பாத் சூடேறும்வரை ஒரு குழாயை 42 டிகிரி இன்குபேட்டரில் கால் மணி நேரம் வைத்துவிட்டேன். 37-லிருந்து நேராகப் போன குழாயில் 8-வது நிமிடம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காலனி. 42-ல் நின்றதில், அதே அளவு நீர்த்த பிளேட்டில் எண்ணவே முடியாத அளவுக்குக் காலனி. சடுதிமாற்றமா?

பதில் 1:
குழாய் முழுதும் தண்ணீருக்குள் இருந்ததா? மூடியில், மேல்சுவரில் ஒட்டிய துளி 55-ஐப் பார்த்தே இருக்காது. அது வழிந்து இறங்கினால் கணக்கே கெடும். நான் இதிலேயே ஒரு வாரம் தொலைத்தவன்.

கேட்டவர்:
இரண்டுமே மூடிவரை முங்கித்தான் இருந்தன அண்ணா. இரண்டும் ஒரே குடுவையிலிருந்து பிரித்தவை.

பதில் 2:
அப்படியானால் சடுதிமாற்றத்தை விடுங்கள். கால் மணி நேரத்தில் ஒரு தடவை பிரிவதே சந்தேகம். ஒரு மாற்றம் குழாய் முழுக்கப் பரவ நேரம் ஏது? இது வெப்ப அதிர்ச்சி மறுவினை, அதாவது சூடு பட்டதும் செல் தன் காப்புப் புரதங்களைக் கூட்டிக்கொள்வது. மரபணு அதேதான், அது வேலை செய்யும் அளவுதான் மாறுகிறது.

சிக்மா 32 என்ற புரதம் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை (மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி) வெப்ப அதிர்ச்சி மரபணுக்களிடம் கூட்டிப்போகும். 30 டிகிரியில் அதன் அரை ஆயுள் ஒரு நிமிடம் போல. டிஎன்ஏகே (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இது மற்ற புரதங்களின் மடிப்பைக் காக்கும் புரதம்) அதைப் பிடித்துக்கொள்ள, எஃப்டிஎஸ்ஹெச் என்ற புரதம் வெட்டும் நொதி நறுக்கித் தள்ளிவிடும். 42-க்குப் போனதும் மற்ற புரதங்கள் மடிப்புக் குலைகின்றன, டிஎன்ஏகே அவற்றைத் தாங்கப் போய்விடுகிறது. சிக்மா 32 தப்பிக்கிறது. அதன் தூது ஆர்.என்.ஏ.வும் சூட்டில் முடிச்சு அவிழ்ந்து ரைபோசோமுக்கு இடம் கொடுக்கும். சில நிமிடத்தில் டிஎன்ஏகே, குரோஇஎல் போன்ற காப்புப் புரதங்கள் எல்லாம் குவிந்துவிடும். 55-க்குப் போகும்போது உங்கள் செல் தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

பிழைத்த காலனியை 37-ல் மறுபடி வளர்த்து, 42-ஐத் தொடாமல் நேராக 55-ல் வையுங்கள். சடுதிமாற்றம் என்றால் தாங்கும் குணம் போகாது.

பதில் 1:
கூடவே இன்னொரு குழாயில் 42-க்கு முன்பே குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக் போடுங்கள். புதுப் புரதம் உருவாகாது; அப்போதும் நன்றாகத் தாங்கினால் காரணம் வேறு. பிளேட்டில் போடுமுன் மருந்தைக் கழுவ மறக்காதீர்கள், இல்லையென்றால் உயிரோடு இருப்பதும் வளராது. இரவு முழுக்க வளர்த்த கல்ச்சரும் வேண்டாம். பட்டினி கிடந்த செல்லில் சிக்மா எஸ் என்ற இன்னொரு சிக்மா புரதம் ஏறி, அதுவே சூட்டைத் தாங்கும்.

கேட்டவர்:
மறுபடி வளர்த்தது 8-வது நிமிடத்தில், 37-லிருந்து நேராகப் போன பழைய குழாய் மாதிரியே செத்துவிட்டது. குளோராம்பெனிக்கால் நாளைக்கு. பாத் 55-க்கு வராமல் இனி குடுவையிலிருந்து கல்ச்சரைக் குழாயில் எடுக்கப் போவதில்லை.