நீலப் படிகம்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சனிப்பெயர்ச்சி நெருங்கிவிட்டால் எங்கள் கடைக்கு நீலக்கல் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். விலையைக் கேட்டதும் பலர் நீலப் படிகத்துக்கு, அதாவது நீல குவார்ட்ஸுக்கு, இறங்கி வருகிறார்கள். நீலக்கல்லுக்கு மாற்று என்று சொல்லி அதை விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீலக்கல் குருந்தம் என்ற கனிம வகை. மோஸ் அளவுகோலில் கடினம் 9, ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 4. படிகத்துக்குக் கடினம் 7, ஒப்படர்த்தி 2.65. தராசில் வைத்தாலே குட்டு உடைந்துவிடும்.

ஆனால் தனிக் கல்லாகப் பார்த்தால் அதன் அழகே வேறு. இயற்கையான நீலப் படிகம் பளிச்சென்று மின்னாது. சாம்பல் கலந்த மங்கல் நீலம். செவ்வந்திக்கல் (அமெதிஸ்ட்) என்ற ஊதாப் படிகத்தின் நிறத்துக்குப் படிகக் கட்டமைப்பிலேயே சேர்ந்துவிட்ட இரும்பு காரணம். இதில் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாத ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் உள்ளே சிக்கி, விழும் ஒளியைச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதும் இப்படித்தான். அடர்நீலக் கல் என்றால் பெரும்பாலும் உள்ளே டூமோர்டியரைட் இழைகள் இருக்கும். பிரான்சில் லியோன் நகரருகே கிடைத்த அந்தக் கனிமத்துக்கு, தொல்லுயிர் ஆய்வாளர் யூஜின் டூமோர்டியரின் பெயரை 1881-ல் வைத்தார்கள்.

பட்டை தீட்டாத கல்லைப் பாறையிலேயே யாராவது பார்த்திருக்கிறீர்களா?

கொல்லங்கோட்டிலிருந்து:

பார்த்திருக்கிறேன் அண்ணா. நெல்லியாம்பதி மலையடிவாரத்துக் குவாரியில் கணக்கெழுதுகிறேன். வெடி வைத்துப் புதிதாகப் பிளந்த கருங்கல்லில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் நீலச் சாயல் மணிகள் தெரியும். நனைந்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பட்டை தீட்டும் அளவுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்ததில்லை. இந்தப் பாறை சார்னோகைட். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர் அது. சென்னைப் பல்லாவரத்துப் பாறையும் இதே இனம்தான். நாம் வீட்டு அஸ்திவாரத்தில் போட்டுப் புதைக்கும் ஜல்லியிலும் அந்த நீலம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம்.

நகரியிலிருந்து:

அம்மா ஒரு கோயில் வாசல் கடையில் "அசல் நீல ஸ்படிகம்" என்று வாங்கிய மோதிரக் கல் ஆழ்ந்த நீலம், துளி மங்கலில்லை. லென்ஸில் பார்த்தால் உள்ளே உருண்டைக் குமிழிகள். கண்ணாடி! நீலக்கல் ஒத்துக்கொள்கிறதா என்று தலையணைக்கு அடியில் வைத்துச் சோதிப்பார்களே, அதையும் அம்மா விடாமல் செய்திருந்தார். அந்த நம்பிக்கையைக் காசாக்கியவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

குமிழி இல்லையென்றாலும் உடனே நம்பிவிடாதீர்கள். கோபால்ட் சேர்த்து, உயர் அழுத்தத்தில் வெந்நீர்க் கலனுக்குள் வளர்க்கும் செயற்கைப் படிகமும் சந்தையில் இருக்கிறது. அது வேதியியலில் உண்மையான படிகமே. நிறம் மட்டும் மனிதர் கொடுத்தது. தெளிந்த, கண்ணைப் பறிக்கும் நீலத்தைக் காட்டினால் "இயற்கைக் கல்" என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.