புதுப்பித்த எஸ்.யூ. பெற்றோல் பம்பி சூடாகி இடைவழியில் நின்றுவிடுகிறது

கொக்குவில்_மைனர் எழுதியது:

என்னிடமுள்ள 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 காரின் எஸ்.யூ. நிறுவனத்தின் எல் வகை மின்பம்பியை (தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்புவது) அண்மையில் ஒரு கராஜில் கொடுத்துப் புதுப்பித்தேன். டயபிரம் (அசைந்து பெற்றோலை உறிஞ்சித் தள்ளும் சவ்வு), வால்வுத் தகடுகள், பொயின்ற்ஸ் (மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகள்) மூன்றும் புதியவை. காலையில் சாவியைத் திருப்பியதும் பம்பி படபடவென்று அடித்து, காபரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவை அறை நிரம்பியதும் அடங்கிவிடுகிறது. நகருக்குள் ஓடும்போதும் குறை தெரிவதில்லை. ஆனால் ஏ9 வீதியில் சாவகச்சேரியைத் தாண்டி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடுகிறது. சாவியை எடுக்காமலே பொனற்றைத் திறந்து பார்த்தால் பம்பியிலிருந்து சத்தமே இல்லை. அதன் இரும்பு உறையோ கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. சாவியை மூடி, கால்மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடுகிறது. பற்றரி நல்ல நிலையில் உள்ளது. பொசிட்டிவ் ஏர்த் முறையை (பற்றரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு இணைப்பது) மாற்றவில்லை. பழுது பம்பிக்குள்ளா, வெளியிலா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

வன்னி_ஓட்டுநர் எழுதியது:

எங்கள் வெயிலுக்கு இது பெற்றோல் ஆவியாகிக் குழாயை அடைக்கும் கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மைனரில் பம்பி எஞ்சின் அறையின் பின்சுவரில் இருப்பதால் சூடு நேராக அதன்மேல் அடிக்கிறது. ஈரத்துணியைச் சுற்றிப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் சந்தையில் விற்கும் சதுரவடிவ இலத்திரனியல் பம்பி ஒன்றைப் பொருத்திவிடுவது மேல்; பொயின்ற்ஸ் தொல்லையே இருக்காது.

பழைய_ஸ்பானர் எழுதியது:

மேலேயுள்ள தம்பி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் எஞ்சின் சூடு மட்டுமே காரணமாக இருந்தால் பம்பியும், அது பூட்டப்பட்டிருக்கும் தகடும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சுடும். தகட்டைத் தொட முடிகிறது, பம்பியைத் தொட முடியவில்லை என்றால் அந்தச் சூடு பம்பியின் மின்காந்தக் கொயிலுக்குள்ளிருந்து வருகிறது. எனவே முதலில் பம்பி எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கொயிலில் மின்சாரம் பாயும்போது ஆமேச்சர் எனும் இரும்புத் துண்டும் அதனுடன் டயபிரமும் உள்ளிழுக்கப்பட்டுத் தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படும். இழுப்பு முடியுமிடத்தில் நடுத்தண்டு ரொக்கர் எனும் ஆடுநெம்பைக் கவிழ்த்துப் பொயின்ற்ஸைப் பிரிக்க, மின்சாரம் அறுந்து, ஸ்பிரிங் டயபிரத்தைத் திருப்பித் தள்ளும். காபரேற்றருக்குப் பெற்றோலை அனுப்புவது அந்த ஸ்பிரிங்தான், மின்சாரமன்று. மிதவை அறை நிரம்பினால் ஸ்பிரிங் தள்ள வழியின்றிப் பாதியில் நிற்கும். அப்போது பொயின்ற்ஸ் பிரிந்திருப்பதால் கொயில் சூடேறாது. உங்கள் பம்பி மிதவை அறை வற்றிய நிலையிலும் சத்தமின்றி நின்று, அதேவேளை சுடுகிறது என்றால், பொயின்ற்ஸ் சேர்ந்தபடியே இருந்து கொயிலில் விடாமல் மின்சாரம் பாய்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உறிஞ்சும் பக்கம் அடைபட்டு, டயபிரம் உள்ளே வரமுடியாமல் இழுபட்டு நிற்கலாம். அல்லது டயபிரம் முழுமையாக வந்தும், அளவு சரியாக வைக்கப்படாததால் ரொக்கர் கவிழாமல் இருக்கலாம். அடுத்த முறை நிற்கும்போது சாவியை மூடாமல், முதலில் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே போகும் சத்தத்துடன் பம்பி அடிக்கத் தொடங்கினால் மூடியின் காற்றுத்துளைதான் அடைபட்டுள்ளது. மாற்றமில்லையென்றால் பம்பிக்குள் பெற்றோல் வரும் பக்கத்து நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். உடனே அடித்தால் அடைப்பு குழாயிலோ தாங்கியிலோ உள்ளது. அப்போதும் அசையாவிட்டால் பம்பியைக் கழற்றி அளவு பார்க்க வேண்டியதுதான். சூடான எஞ்சினருகில் பெற்றோல் சிந்தக்கூடும் என்பதால் கீழே துணி பிடித்து, அருகில் ஒருவரைத் தீயணைப்பானுடன் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.

அளவு வைக்கும் முறை இது: ஆமேச்சரை உள்ளே முறுக்கிக்கொண்டே போய், கையால் அழுத்தினாலும் ரொக்கர் கவிழாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும், பின்னர் டயபிரத்தைச் சுற்றியுள்ள ஆறு துளைகளைக் கணக்கிட்டு ஒவ்வொரு துளையாகத் தளர்த்தி அழுத்திப் பார்த்து, அது முதன்முதலில் கவிழும் இடத்திலிருந்து மேலும் நான்கு துளை, அதாவது மூன்றில் இரண்டு சுற்று, தளர்த்த வேண்டும். விளிம்பில் நிறுத்திவிட்டால் மேசையில் அழகாக அடிக்கும், வீதியில் கைவிட்டுவிடும். ஆமேச்சரைச் சுற்றியுள்ள 11 பித்தளை உருளைகளில் ஒன்று இடம்மாறி விழுந்திருந்தாலும் இதே சிக்கல் வரும்.

இலத்திரனியல் பம்பி பற்றி ஒரு சொல். எல் வகைப் பம்பி தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் மட்டுமே. மலிவுப் பம்பிகள் பல அதைவிடப் பல மடங்கு அழுத்தம் தந்து மிதவை அறையின் வாயை மூடும் ஊசியைத் தூக்கிக் காபரேற்றரை வழியவிடும். அழுத்தத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

நல்லூர்_ஒஸ்ரின் எழுதியது:

ஐயா சொன்னதுடன் இரண்டு விடயங்கள். பம்பியிலேயே ஒரு கம்பிவலை வடிகட்டி உண்டு. புதுப்பிக்கும்போது அதைக் கழுவினார்களா என்று பாருங்கள். மற்றது, புதுப்பித்தபோது பொயின்ற்ஸின் தீப்பொறியைத் தணிக்க டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) பூட்டியிருந்தால், அது பொசிட்டிவ் ஏர்த் வண்டிக்கு உரியதா என்று கேட்டறியுங்கள். மாறிப் பூட்டினால் டயோட் எரிந்துவிடும். இங்குள்ள பழைய வண்டிகளில் பல 90களில் மண்ணெண்ணெயில் ஓடியவை, பிறகு ஆண்டுக்கணக்கில் நின்றவை; தாங்கிக்குள் கசடு சேர்ந்திருக்கலாம். எனக்கென்றால் பம்பியைவிடத் தாங்கியின் மேல்தான் சந்தேகம்.

கொக்குவில்_மைனர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கொடிகாமத்தருகில் வண்டி நின்றபோது சொன்னபடியே செய்தேன். பின்சுவரில் கைவைக்க முடிந்தது, பம்பியில் முடியவில்லை. தாங்கியின் மூடியைத் திறந்ததில் மாற்றமில்லை. உள்வரும் நட்டைத் தளர்த்தியதும் பம்பி டக்கென்று அடித்துத் தொடர்ந்து ஓடியது. வீட்டில் குழாயைக் கழற்றித் தாங்கிப் பக்கமாகக் காற்று ஊதியபோது தடையின்றிப் போனது; தாங்கியைக் குறைசொல்ல இடமில்லை. பம்பிக்குமுன் உள்ள குட்டை ஹோஸை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். வெளியே பளபளப்பாக இருந்த அதன் உட்படை ஒரு பக்கம் முழுவதும் கழன்று, நாக்குப்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதும்போது விலகுகிறது, உறிஞ்சும்போது வாயை மூடுகிறது. இப்போது புது ஹோஸ் போட்டாயிற்று. கிளிநொச்சி வரை நிற்காமல் போய்வந்தேன்.

பழைய_ஸ்பானர் எழுதியது:

சாவியை மூடியதும் உறிஞ்சும் விசை தளர்ந்து அந்த நாக்கு விலகியிருக்கும். ஆறியதால் ஓடுகிறது என்று தோன்றியதற்கு அதுவே காரணம். கொயில் பலமுறை சுட்டுள்ளதால் இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். கறுப்பு மூடியைக் கழற்றிப் பொயின்ற்ஸ் கருகியுள்ளதா என்று பாருங்கள். பின்னர் காபரேற்றர் பக்கக் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, பம்பியை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். அரை லீற்றருக்குக் குறையாமல், குமிழியின்றி வந்தால் பம்பியைத் திரும்பக் கழற்றத் தேவையில்லை. குமிழி வந்தால் புது ஹோஸின் பிடிகளை இறுக்குங்கள்.